இரும்பு என்றால் ஆகும்

"இரும்பு" என்றாள் புருல்.

என் பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் கேட்டிருந்த கேள்வி இது: கணவர் நெடுநாள் வெளியூரில் இருக்கும்போது மனைவி வேறொரு ஆணிடம் மனம்விட்டுப் பேசுவது ஆகுமா, ஆகாதா? இதற்கு ஒருத்தி இரும்பு என்று பதில் சொன்னால் எதை எழுதுவது? என் காதில்தான் கோளாறோ என்று நினைத்தேன். முற்றத்தில் அவளுடைய மாமனார் அடுப்புக்கு மாற்றாக வைத்திருந்த புகைக்குழாயின் தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவள் வேறு எதையோ சொல்லி எனக்கு இப்படிக் கேட்டிருக்கலாம். கேள்வியை மறுபடி வாசித்தேன். அவள் காது மடல்வரை சிவந்து, ரொட்டி சுற்றிய துணியின் ஓரத்தை விரலில் முறுக்கிக்கொண்டே, "இரும்புதான் அக்கா" என்றாள்.

அடுக்களையிலிருந்து மாமியார் ஜூராகானின் குரல் வந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. "அவ ஆகும்னு சொல்றா, எழுதிக்கோ. எங்க வீட்டுக்காரர் பேரு போலோத்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெயரோடு போனாலும் பரவாயில்லை, அந்தப் பெயர்போல ஒலிக்கிற சொல்லும் வரக்கூடாது. நகரத்தில் இதெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. என் மாமனார் பெயர் இஸ்மாயில். அது எந்தச் சொல்லோடும் இடிக்காததால் நான் இந்தத் தொல்லை இல்லாமல் இஷ்டத்துக்குப் பேசித் தீர்த்தவள். போலோத் என்பது அப்படிப்பட்ட பெயர் இல்லை. எங்கள் கிர்கிஸ் பேச்சில் போலோத் என்றால் ஆகும், சரி, செய்யலாம் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை வாயில் வருகிற சொல். எஃகுக்கும் அதே பெயர்தான். எஃகைச் சொல்ல முடியாத பெண் அதற்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வந்து உட்கார்ந்தவுடன் நடந்த ஒன்றும் அப்போது விளங்கியது. நான் கொண்டுபோன மிட்டாயை நீட்டியபோது அவளுடைய மகள் ஜிபெக், ஏழு வயதிருக்கும், தாயைப் பார்த்து, "எடுத்துக்கட்டுமா, இரும்பா?" என்று கேட்டாள். "இரும்பு, ஒண்ணே ஒண்ணு" என்றாள் புருல். ஏதோ குழந்தை விளையாட்டு என்று நானும் சிரித்து வைத்தேன். குழந்தைக்குத் தாத்தா பெயரைச் சொல்ல எந்தத் தடையும் கிடையாது. தாயிடம் கேட்டுக் கேட்டு அதுவும் இரும்பு என்றே பழகிவிட்டது.

நான் வந்த வேலையைச் சொல்லவேண்டும். கல்யாணமானவர்களுக்குத் துணையைத் தாண்டி மனம் போகிற சாய்வு எவ்வளவு என்று அளப்பது. பிஷ்கெக் பல்கலைக்கழகத்து எல்விரா அம்மா எங்கோ வெளிநாட்டில் செய்த கேள்வித்தாளைக் கிர்கிஸ் மொழிக்குக் கொண்டுவந்திருந்தார். நல்ல படிப்பாளி, நல்ல மனுஷி, மாமனார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கேள்வியை வாசித்துக் காட்டவேண்டும். பதில் இரண்டே: போலோத் என்றால் ஆகும், போல்போய்த் என்றால் ஆகாது. 'ஆமாம்' என்று எழுதக்கூடாது. எங்கள் ஜனங்கள் பேச்சு காதில் விழுகிறது என்பதற்கும் ஆமாம் ஆமாம் என்பார்கள், அதை நம்பி ஒரு பெண்ணைக் கெட்டவளாக்கிவிட முடியாது என்று அவர் பயிற்சி வகுப்பில் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு நான் இப்படித்தான் பிழைக்கிறேன். ஆட்டுக்கு ஊசி போட்டாயா, எந்தப் பற்பசை வாங்குகிறாய், தேர்தலில் யாருக்குப் போடுவாய் என்று நாரின் மலைப்பக்கம் முழுக்கக் கதவு தட்டியிருக்கிறேன். இந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் என் வீட்டுக்காரர் சபீரிடம்தான் சோதித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியவே தெரியாது என்றால் வேறொரு பெண்ணோடு போவது உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று கேட்டேன். அவர் சோபாவில் புரண்டு படுத்து, "எவ்ளோ தூரம் போவணும்?" என்றார். தெரு முனைக்கு என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு ஆகாது என்றார். அவருடைய விசுவாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதில் சோம்பேறித்தனத்தின் பங்கு எவ்வளவு என்று காட்ட அந்தத் தாளில் இடமில்லை.

கேள்வி கேட்கும்போது மூன்றாம் ஆள் இருக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆட்பாஷி பக்கத்துக் கிராமத்தில், அக்டோபர் குளிரில், ஒரே அடுப்பு எரிகிற வீட்டில் மூன்றாம் ஆளை எங்கே அனுப்புவது? நான் தயங்கித் தயங்கி ஜூராகானிடம் கேட்டேன். குள்ளமாக, கனத்த உடம்போடு, கண்ணை இடுக்கிப் பார்க்கிற கிழவி அவள். "மனச அளக்க வந்திருக்கியாமே, ஊரே சொல்லுது. தர்மாமீட்டர் எங்க? அத எங்க வைப்ப, அக்குள்லயா?" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மாவு பிசைய வேண்டியிருக்கிறது, அடுக்களையில் இருக்கிறேன், எனக்கு எதுவும் காதில் விழாது என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவுக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள்.

இரும்பை மொழிபெயர்த்துச் சொன்னவளும் அவளேதான். அதற்குப் பிறகு புருலின் வாய் மாறிவிட்டது. நான் எதைக் கேட்டாலும் ஆகாது என்றாள். பழைய நண்பனுக்கு வாழ்த்து அனுப்புவது? ஆகாது. திருமண விருந்தில் வேறொருவரோடு ஆடுவது? ஆகாது. கணவன் தப்பு செய்தால் மனைவியும் செய்வது? ஆகாது. மாவு பிசைகிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கட்டங்களில் குறித்துக்கொண்டே போனேன். இந்தப் பெண்ணுக்கு ஆகாது என்று சொல்வதற்கு எந்தப் பூட்டும் இல்லை, ஆகும் என்பதற்குத்தான் பூட்டு என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சரி என்ற சொல்லைச் சரியாகச் சொன்னதில்லை. அந்தத் தாளின் கணக்கில் அவள் ஒரு மகாபத்தினியாகத் தேறிக்கொண்டிருந்தாள்.

அவள் சங்கதி எனக்கு ஏற்கனவே தெரியும். நான் தங்கியிருந்தது பள்ளிக்கூடத்துச் சமையல்காரி சாய்ரா வீட்டில். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே ஊரில் யார் யாரைப் பார்த்தால் அளவு ஏறும், இறங்கும் என்று அவள் எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள். புருலின் கணவன் நூர்தின் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன். கிராஸ்னோயார்ஸ்கில் அவனுக்கு ஒரு வீடும், அந்த வீட்டில் ஒருத்தியும், இப்போது நடக்கத் தொடங்கிய ஒரு பையனும் உண்டு. பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜூராகானுக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அவன் இன்னும் வசந்தத்துக்கு வரப்போகிறவன்தான். இந்த வசந்தம் இல்லையென்றால் அடுத்த வசந்தம்.

பால் வண்டி ஓட்டுகிற குபாத் மனைவியை இழந்தவன். அமைதியானவன். அவன் சாய்ரா மூலமாகத்தான் புருலிடம் கேட்டு அனுப்பியிருந்தான். டோக்மோக்கில் அவனுடைய அண்ணனுக்குக் கடை இருக்கிறது, பனி இறங்கி மலைப்பாதை மூடுவதற்கு முன் அங்கே போய்விடப் போகிறான், வருவாயானால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா என்று. இது ஜூராகான் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அவள் மருமகளை அடிக்கவில்லை, வையவும் இல்லை. போறதுன்னா போ, ஜிபெக் எங்க எலும்பு, எங்க வம்சம், அது இங்கதான் இருக்கும் என்று மட்டும் சொன்னாளாம். அதிலிருந்து புருல் குபாத்துக்கு ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. பால் கேனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

"அவ யாருக்காகத் தயங்குறான்னு நெனக்கிற? புருஷனுக்காகவா?" என்று சாய்ரா என்னைக் கேட்டாள். குழந்தைக்காக என்றேன். குழந்தை பாதி, அந்தக் கிழவர் பாதி என்றாள் அவள்.

அதையும் நான் பார்த்தேன். பாதிக் கேள்வி முடிந்ததும் ஜூராகான் அடுப்பு அணைகிறது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். புருல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் கால் மரத்துப்போனதென்று எழுந்து அவள் பின்னாலேயே போனேன். முற்றத்தில் போலோத் கிழவர் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கூட்டுப்பண்ணைக் காலத்தில் டிராக்டர் ஓட்டிக் காது பாதி போனவர். மருமகளைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வாளியை வாங்கிக்கொண்டார். நிலக்கரிக் குவியலுக்கு அவரே போனார், அவரே அள்ளினார். திருப்பித் தரும்போது தன் இடது கையுறையைக் கழற்றி வாளியின் பிடியில் சுற்றிக் கொடுத்தார். குளிரில் இரும்புப் பிடி உள்ளங்கையைப் பிய்த்துவிடும். அவள் வழக்கப்படி அவர் முகத்தைப் பார்க்காமல், முதுகும் காட்டாமல், பக்கவாட்டில் நகர்ந்து வாங்கிக்கொண்டாள். என் கல்யாணத்தில் இத்தனை வருஷத்தில் யாரும் எனக்காக வாளிப் பிடியில் கையுறை சுற்றியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகத்தான் இருந்தது.

கொட்டகை மறைவுக்கு வந்ததும் புருல் வாளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்தத் தாள்ல விட்டுட்டுப் போறதப் பத்திக் கேள்வி இருக்கா?"

"இருக்கு, கடைசில. நீ விரும்பலன்னா கேக்காம விட்டுடறேன். இல்ல, உன் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி மெதுவா வாசிக்கறேன்."

அவள் கையுறையைத் தடவிக்கொண்டு நின்றாள். "மெதுவா வேணாம். நல்லா சத்தமா கேளுங்க. இந்த வீட்ல எல்லாரும் எனக்காகப் பதில் சொல்லியாச்சு. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல."

எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. நான் நாலு வீடு ஏறிக் கூலி வாங்குகிறவள். ஒரு வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டு நான் பாட்டுக்கு வண்டியேறிப் போய்விடலாம், அதில் வேகப்போகிறவள் அவள். கேள்வித்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தலைவலி என்று கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்துவிட்டாள்.

ஜூராகான் பாலும் உப்பும் விட்ட தேநீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். பாலாடையை ரொட்டியில் தடவி என் பக்கம் தள்ளினாள். இன்னும் நிறைய இருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம்தான் என்றேன். "இவள அளந்து என்ன கண்டுபிடிச்ச? சொல்லேன் பாப்போம்" என்றாள். அதெல்லாம் பிஷ்கெக்கில்தான் கூட்டிப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவள் மருமகளின் தலைத்துணியைப் பின்னாலிருந்து ஒருமுறை சரிசெய்தாள். அதில் கோபமில்லை. பிடி இருந்தது. மகனும் போய், மருமகளும் போய், பேத்தியும் போனால் இந்த வீட்டில் மாவு பிசைவது யாருக்காக என்பதுதான் அவள் பயம். எனக்கு அவளையும் வெறுக்க முடியவில்லை.

அவள் அடுக்களைக்குத் திரும்பியதும் மிச்சக் கேள்விகளைக் கேட்டேன். ஆகாது, ஆகாது என்று வந்துகொண்டிருந்தது. வெளியே சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது. ஜிபெக் ஜன்னலோரம் படுத்து மிட்டாய்க் காகிதத்தை நகத்தால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்த காலத்துக் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தேன்.

"இந்தக் கல்யாணத்தை விட்டுவிட்டு, வேறொருவரோடு வாழப் போவது, உங்களுக்கு ஆகுமா, ஆகாதா?"

மாவு பிசைகிற சத்தம் நின்றது. புருல் ரொட்டித் துணியை மடித்துத் தட்டில் வைத்தாள். இரும்பு என்பாள் என்று காத்திருந்தேன். அதற்கே அந்த வீடு தாங்காது. அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். முதல் எழுத்தில் திக்கியது. பேசப் பழகுகிற குழந்தைக்கு ஒரு சொல் பிடிபடாமல் உதட்டிலேயே நிற்குமே, அப்படி நின்றது. பிறகு வந்தது.

"போலோத்."

சத்தமாகத்தான் சொன்னாள். குரல் உடைந்து, தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது. ஜிபெக் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். அடுக்களை வாசலில் ஜூராகான் மாவுக் கையோடு வந்து நின்றாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. நடுக்கூடத்தில் யாரோ துணியில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டவள் போல அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெளியே சுத்தியலும் நின்றிருந்தது.

பாதிக் காது போனவருக்குத் தன் பெயருக்கு மட்டும் காது தனியாக இருக்கும்போல. செருப்பு இழுபடுகிற ஓசை கேட்டது. கதவு திறந்து, குளிரோடு, போலோத் கிழவர் தலையை உள்ளே நீட்டினார். மீசையில் தகரத் துகள் ஒட்டியிருந்தது.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல" என்றாள் ஜூராகான். "போய் உங்க வேலயப் பாருங்க."

அவர் போகவில்லை. என்னைப் பார்த்தார். வந்தவள் எதற்குத் தன் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று தோன்றியிருக்கவேண்டும், என்னை விட்டுவிட்டு அறையைப் பார்த்தார். புருல் எழுந்து நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பக்கவாட்டிலேயே நின்று பழகியவள், முதல்முறையாக அவருக்கு நேராகத் திரும்பினாள்.

"நான்தான் அதா" என்றாள். அதா என்றால் அப்பா.

அவர் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். "என் பேரச் சொல்லியா கூப்பிட்ட?"

"ஆமா."

ஜூராகான் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கிழவர் அவளைப் பார்க்கவேயில்லை. ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே அவமானப்படுத்தும் காரியத்துக்கு நான் கூலிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். எழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் அவமானத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வயதில் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேர் மிச்சம்? அவர் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார்.

"எதுக்கும்மா கூப்பிட்ட?"

புருல் தலையைக் குனியவில்லை. கன்னத்தில் இறங்கியதைத் துடைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றார் அவர். "இங்க வா. வெளியில வந்து சொல்லு."

அவர் கதவை மூடாமலே திரும்பிப் போனார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே முற்றத்துப் படி தெரிந்தது. தகரக் குழாயைத் தூக்கி அந்தப் பக்கம் சாய்த்து வைத்தார். சுத்தியலை எடுத்துச் சுவரோரம் போட்டார். படியில் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வலது கையிலிருந்த கையுறையைக் கழற்றி, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் படிந்திருந்த கரித்தூளை மெதுவாகத் தட்டித் துடைக்கத் தொடங்கினார்.